மூஞ்சி சரியில்லாத ஆட்டங்கள்

(இரண்டாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல், கோட்டுச்சேரிமேடு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று மலர்க்குழு அறிவித்தவுடன் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன். நான் போவதற்குள் ‘இளைஞர் எழுச்சி’, ‘வரதட்சணைக் கொடுமை’, ‘காவிரி நீர்’ எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்கள். “விளையாட்டைப் பற்றி எழுதுறேன்” என்றேன். “கிரிக்கெட்டா, கபடியா?” என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு, அதுவும் பார்க்கச் சகிக்காத கம்ப்யூட்டர் விளையாட்டு என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் நம் மாணவர் பேரவை நடத்திய மொபைல் கேம் போட்டி ஞாபகம் இருக்கிறதா? நாலு பேர் ஓர் அணி. பாராசூட்டில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, எதிரே வருகிறவனைச் சுட வேண்டும். அவரவர் போனை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது விதி. அந்த விதியை யாரும் ஒரு விதியாகவே நினைக்கவில்லை. பேனா கொண்டு வா என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்கள்.

என் போனின் கதையைச் சொல்ல வேண்டும். முதலாண்டு சேர்ந்த புதிதில் வகுப்பில் எல்லோரும் அந்த விளையாட்டைப் பற்றியே பேசுவார்கள். பேச்சில் கலந்துகொள்ள முடியாமல் ஓரமாக நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத்தான் தெரியும். வீட்டில் கேட்டேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ‘படிப்புக்கு வேணும்’ என்று நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அம்மா மகளிர் குழுவில் 12,000 ரூபாய் கடன் எடுத்தாள். போன் வந்தது. ஆறே மாதத்தில் அந்த விளையாட்டுக்குப் புதிய அப்டேட் வந்தது. என் போன் தாங்கவில்லை. அடுப்பு மாதிரி சூடாகும், படம் நின்று நின்று நகரும். போட்டியன்று நான் பாராசூட்டில் இருக்கும்போதே போன் உறைந்து போனது. திரும்ப உயிர் வந்தபோது என் ஆள் செத்துக் கிடந்தான். “மாப்ள, போனை மாத்துடா” என்றான் என் அணித் தலைவன். அவன் நல்லவன்தான், கோபத்தில் சொல்லவில்லை. ஆனால் வாரா வாரம் குழுக் கூட்டத்துக்குத் தவணைப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போகும் அம்மாவின் முகம்தான் எனக்கு வந்து நின்றது.

படம் அழகாக இருப்பதற்கு விலை உண்டு. அந்த விலையை விளையாட்டைச் செய்தவன் மட்டும் கொடுப்பதில்லை. இலவசம் என்று இறக்கிக்கொள்கிறோமே, அதை ஓடவைக்கும் போனுக்கு நாம்தான் கொடுக்கிறோம்.

தோற்றுப்போன அந்த வாரம் லேபில் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் பக்கத்து கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு, பரீட்சை எழுதுபவரைப் போல ஒவ்வொரு சாவியாக யோசித்து யோசித்து அழுத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வரிசையாகக் கோடுகள், புள்ளிகள், நடுவில் ஆங்கில எழுத்துகள் அங்கங்கே. ஏதோ புரோகிராம் தப்பாக ஓடுகிறது என்று நினைத்தேன். “என்னண்ணே எர்ரரா?” என்றேன். “எர்ரர் இல்லடா, இதுதான் நான்” என்று ஒரு குறியைத் தொட்டுக் காட்டினார். மின்னஞ்சல் முகவரியின் நடுவே வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு குறி வருமே, அதுதான் வீரன்! பக்கத்தில் இருந்த டி என்ற எழுத்து அவனுடைய நாய். புள்ளிகள் தரை. கோடுகள் சுவர்.

நெட்ஹேக் என்று அதற்குப் பெயர். 1987-இல் வெளிவந்தது. 1980-இல் வந்த ரோக் என்ற விளையாட்டின் பரம்பரை. அன்றைய கம்ப்யூட்டர் திரையில் படம் வரைய வசதி குறைவு என்பதால் எழுத்துகளையே படமாக்கினார்கள். நம் லேபில் இருக்கும் மிகப் பழைய கம்ப்யூட்டரில்கூட ஓடும். இலவசம். பாதாளத்தில் மாடி மாடியாக இறங்கி, யெண்டோர் தாயத்து என்ற ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். கதை அவ்வளவுதான். செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதாளம் புதிதாக அமையும், ஆகவே வழியை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது.

முதல் நாள் நான் ஐந்து நிமிடத்தில் மூடிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அசிங்கமாக இருந்தது. இரண்டாம் நாள் நீல நிறத்தில் ஈ என்ற எழுத்து ஒன்று சும்மா நின்றது. அது மிதக்கும் கண். நகராத பிராணிதானே என்று வாளால் ஒரு வெட்டு வெட்டினேன். அது என்னை முறைத்தது. நான் அசைய முடியாமல் நின்றுவிட்டேன். நரிகள் வந்து கடித்துத் தின்றன. எழுத்தாலேயே ஒரு கல்லறை வரைந்து, அதில் என் பெயரையும் எதனால் செத்தேன் என்பதையும் எழுதிக் காட்டியது. பயங்கரக் கோபம் வந்தது. அன்று முழுவதும் அதை எப்படி வென்றிருக்கலாம் என்பதே யோசனை. தூரத்திலிருந்து எறிந்திருக்கலாம். இல்லை, தொடாமல் போயிருக்கலாம். பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்!

அந்த ஆட்டத்துக்குள் இருக்கும் புத்தியைக் கேளுங்கள். கடைக்காரர் ஒருவர் வருவார். தோளில் பிக்காசோடு போனால் கடைக்குள் விடமாட்டார். சுவரை உடைத்துப் பொருளோடு ஓடிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நாயை உள்ளே விட்டால் அது ஒரு பொருளைக் கவ்விக்கொண்டு வந்து நம்மிடம் போடும், காசு கிடையாது. காக்கட்ரைஸ் என்று சேவல் மாதிரி ஒரு பிராணி. அதை வெறுங்கையால் தொட்டால் நாம் கல்லாகிவிடுவோம். சரி, கையுறை போட்டுக்கொண்டு செத்த காக்கட்ரைஸைத் தூக்கினால்? தூக்கலாம். அதையே ஆயுதமாக வைத்து அடித்தால் பெரும்பாலான பகைவர்கள் கல்லாகிவிடுவார்கள். ஆகா, இனி நம்மை அசைக்க ஆளில்லை என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். ஒரு பள்ளத்தில் விழுந்தேன். விழுந்த வேகத்தில் கையிலிருந்தது என் மேலேயே பட்டது. நான் கல்! யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, ‘ஒரு பயல் இப்படிச் செய்வான், இப்படி விழுவான்’ என்று முன்கூட்டியே நினைத்து எழுதி வைத்திருக்கிறார். அதுவும் எதில்? நாம் ‘புரியலை, புரியலை’ என்று புலம்புகிறோமே, அதே சி மொழியில். மூல நிரலை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். பாயின்டர் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது பாடப் புத்தகத்திலிருந்து அல்ல, அந்த நிரலில் மூக்கை நுழைத்த பிறகுதான்.

2021-இல் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் இதே விளையாட்டை வைத்து உலக அளவில் ஒரு போட்டி நடத்தினார்கள். தானாகக் கற்றுக்கொள்ளும் நிரல்களைவிட, மனிதர் உட்கார்ந்து விதி விதியாக எழுதிய நிரல்களே மேலாக ஆடின. அப்படியும் ஒன்றுகூடத் தாயத்தோடு வெளியே வரவில்லை. இதைத்தான் நம் பயல்கள் “டைப்ரைட்டிங் கிளாஸாடா?” என்று கேட்கிறார்கள்! இதில் ஒரு லாபமும் உண்டு. லேப் சார் இரண்டு தடவை என் பின்னால் வந்து நின்றார். திரை முழுவதும் எழுத்தாக இருந்ததால் ‘வெரி குட்’ என்று சொல்லிவிட்டுப் போனார். (இந்த மலரை அவர் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

நமக்கு இது புதிதா என்ன? எங்கள் அப்பாயி செங்கல் துண்டால் திண்ணையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவாள். 3 புளியங்கொட்டை புலி, 15 கூழாங்கல் ஆடு. புலிக்கு வாலும் இல்லை, கோடும் இல்லை. ஆனால் அப்பாயி தன் ஆடுகளை வைத்து என் புலியை மடக்கிவிட்டுப் பொக்கை வாயால் சிரிக்கும்போது எனக்கு வரும் ஆத்திரம் நிஜப் புலியின் ஆத்திரம். கோயில் கல்தரைகளில்கூட இப்படிக் கட்டம் செதுக்கி ஆடியிருக்கிறார்கள். திருவிழாக் கடையில் நாம் அடம்பிடித்து வாங்கிய பிரிக் கேம் என்பது டெட்ரிஸ்தானே? 1984-இல் ரஷ்யாவில் அலெக்சி பஜித்நோவ் அதை முதலில் எழுதிய கம்ப்யூட்டரில் படமே வராது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் செங்கல்லாக்கினார். அதுதான் உலகம் முழுக்கப் போனது.

இன்னொன்றைச் சொல்லாமல் முடியாது. டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ். அமெரிக்காவில் டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி டார்ன் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். இருவரும் 2006-இல் இதை இலவசமாக வெளியிட்டு, விரும்பியவர் கொடுத்த நன்கொடையில் காலம் தள்ளினார்கள். குள்ளர்கள் ஒரு மலைக்குள் குடியேறுகிறார்கள். அவர்களுக்கு ஊர் அமைக்க வேண்டும். இதுவும் முழுக்க எழுத்தும் குறியும்தான். ஆனால் ஒவ்வொரு குள்ளனுக்கும் மனசு, ஞாபகம், நட்பு, சோகம் எல்லாம் உண்டு. 2015-இல் பூனைகள் காரணம் தெரியாமல் செத்துக்கொண்டிருந்தனவாம். தேடிப் பார்த்தால், சாராயக் கடையில் சிந்திய மதுவில் பூனை நடக்கிறது, பிறகு காலை நக்குகிறது, ஒரு நக்கலுக்கு ஒரு முழுக் குவளை என்று கணக்கில் தவறு. போதையில் செத்திருக்கிறது! பூனை காலை நக்கும் என்பதுவரை எழுதிவைத்த விளையாட்டு இது. ஆனால் அந்தப் பூனையின் படத்தைத் திரையில் தேடினால் ஓர் எழுத்துதான் இருக்கும்.

2012-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலாக 14 வீடியோ விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அதில் டெட்ரிஸும் இருந்தது, டுவார்ஃப் ஃபோர்ட்ரஸும் இருந்தது. அதே நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நம் காரைக்கால் அம்மையாரின் சோழர் காலச் செப்புத் திருமேனி இருக்கிறது. எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு. ஆனிப் பௌர்ணமியில் மாடியிலிருந்து எறிகிற மாம்பழத்துக்கு முண்டியடிக்கும் நாம், அந்த அம்மாள் இருந்த அழகை ‘வேண்டாம்’ என்று உதறிப் பேயுருக் கேட்டு வாங்கினார் என்பதை அந்த நேரத்தில் நினைப்பதில்லை. “சாமியையும் கேமையும் ஒண்ணா எழுதலாமாடா?” என்று அம்மா கேட்டாள். எழுதலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊரில் அப்படிப்பட்ட ஒருவருக்கு ஊரே கூடித் திருவிழா எடுக்கிறதே!

நியாயமாக எதிர்க்கட்சியின் பேச்சையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் டுவார்ஃப் ஃபோர்ட்ரஸுக்கு அழகான படங்கள் சேர்த்துக் காசுக்கு விற்றார்கள். சாக் ஆடம்ஸுக்குப் புற்றுநோய் வந்து, மருத்துவச் செலவை நினைத்துப் பயந்ததுதான் விற்கத் தூண்டிய காரணம். முதல் மாதத்திலேயே ஏறக்குறைய 5 லட்சம் பிரதிகள் போயின! 16 வருடமாக இலவசமாகக் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் படம் போட்டதும் வாங்கினார்கள். அப்படியானால் படம் தேவைதானே என்று கேட்பீர்கள். தேவைதான். எழுத்துக்குப் பயந்து எத்தனை பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள்! நானே திரும்பியவன்தானே. ஆங்கிலம் தடுமாறும் எனக்கு நெட்ஹேக் ஆட அகராதி தேவைப்பட்டது. அந்தச் சாவிகளை நினைவில் ஏற்றவே ஒரு மாதம் ஆயிற்று. அசிங்கமாக இருப்பதெல்லாம் ஆழமானது என்றும் நான் சொல்லவில்லை. அசிங்கமாகவும் இருந்து முட்டாள்தனமாகவும் இருக்கும் விளையாட்டுகள் எத்தனையோ. நான் கேட்பதெல்லாம், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ‘சீ’ என்று விடாமல் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்பதுதான். முதல் நாள் நம் வகுப்பில் என் செருப்பையும் என் ஆங்கிலத்தையும் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்த சிலர், இப்போது சி புரோகிராம் கேட்க என் பெஞ்சுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் துப்பாக்கிப் போட்டியை நிறுத்த வேண்டாம், அதை விரும்புகிறவர்கள் ஆடட்டும். அதோடு லேபில் ஒரு சனிக்கிழமை மதியம் நெட்ஹேக் போட்டி ஒன்றும் வையுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கம்ப்யூட்டர், ஒரே நேரம், இரண்டு மணி. அதிகப் புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். கணக்கை அதுவே போட்டுத் தரும், நடுவர்கூடத் தேவையில்லை. செலவு என்று பார்த்தால் டீயும் பிஸ்கெட்டும்தான். முதலாண்டுத் தம்பி தங்கைகள் யாரும் இதற்காக வீட்டில் போன் கேட்க வேண்டியிருக்காது.

அதுவரை பழகிப் பார்க்க நினைப்பவர்கள் மதிய இடைவேளையில் லேபுக்கு வாருங்கள். ஜன்னலோரம் கடைசி கம்ப்யூட்டர். எஃப் எழுத்துதான் பூனைக்குட்டி. அதை மட்டும் தெரியாமல் அடித்துவிடாதீர்கள்.