செத்தாமுவா, தாத்தா!

போன ஆகஸ்டில் பாரிசிலிருந்து மகளும் பேரனும் வந்திருந்தார்கள். பேரனுக்குப் பதினான்கு வயது. வந்த மூன்றாம் நாளே வீட்டில் ஒரு பஞ்சாயத்து. நடுவர் நான்தான், ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

விஷயம் இதுதான். பிறந்தநாளுக்கு அவனுக்கு 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்க விளையாட்டுக் கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2022 பிப்ரவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்க்க விளையாட்டுச் சாமான். உள்ளே முழுக் கணினி. அதில் இருக்கும் இயங்குதளம் ஸ்டீம் ஓஎஸ், அதாவது லினக்ஸ் வகை. பேரன் அதில் விண்டோஸ் போட வேண்டும் என்கிறான். மகள் கூடாது என்கிறாள்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கணுமாப்பா? கெட்டுப்போனா பாண்டியில யாரு பாப்பாங்க?"

பேரன் ஒரே வார்த்தையில் பதில் சொன்னான்: "செத்தாமுவா!"

சமையலறையிலிருந்து என் மனைவி பதறி ஓடி வந்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னடா செத்தா கித்தான்னு!" 'இது என்னுடையது' என்பதற்குப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் விளக்கிய பிறகுதான் சமாதானம் ஆனாள்.

இயங்குதளம் என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு: அது ஆபீசில் தலைமை எழுத்தர் மாதிரி. கணினியைத் திறந்ததும் முதலில் வந்து உட்காருவது அதுதான். எந்தக் கோப்பு யாரிடம் போகும் என்று பிரித்துக் கொடுப்பதும் அதுதான். ஸ்டீமில் விற்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. அவை லினக்ஸில் ஓடுவதற்குப் புரோட்டான் என்று ஒரு துபாஷி வைத்திருக்கிறார்கள். துய்ப்ளேக்ஸுக்கு நம் ஆனந்தரங்கப் பிள்ளை போல, இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்வது இவர் வேலை. ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் கூட்டமாகச் சேர்ந்து ஆடும் சில விளையாட்டுகளில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க ஒரு காவல் நிரல் உண்டு. அது துபாஷியை நம்பாது, கவர்னரையே நேரில் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கும். பேரனின் நண்பர்கள் எல்லாரும் ஆடுவது அப்படிப்பட்ட ஒன்று. விடுமுறையில் அவர்களைவிட்டு இவன் மட்டும் தனியாக இங்கே.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம். நான் படித்தது பிரெஞ்சு வழி. தட்டச்சு பழகியதும் பிரெஞ்சுப் பொறியில்தான், அஸெர்தி வரிசை. சர்க்கார் வேலைக்குப் போன முதல் நாள் என் முன்னால் வைத்தது ஆங்கிலப் பொறி. A இருக்க வேண்டிய இடத்தில் Q, Z இருக்க வேண்டிய இடத்தில் W. எல்-லுக்குப் பக்கத்தில் எம்-மைத் தேடினால் அது கீழே போய் உட்கார்ந்திருக்கும். முதல் மாதம் நான் அடித்த கடிதங்களைப் பார்த்து மேலதிகாரி, "இது என்ன பாஷை?" என்று கேட்டார். இரும்பில் வார்த்த எழுத்து, என்ன செய்ய முடியும்? பொறி மாறாது, நான்தான் மாறினேன். ஆறு மாதம் ஆயிற்று. இன்றும் அவசரத்தில் என் சுண்டுவிரல் தப்பான இடத்துக்குத்தான் போகிறது.

அதனால் தீர்ப்பைப் பேரன் பக்கமே சொன்னேன். காசு கொடுத்து வாங்கிய பொருளில் எந்தத் தலைமை எழுத்தர் உட்கார வேண்டும் என்பதை வாங்கியவன்தான் தீர்மானிக்க வேண்டும். லினக்ஸ் அன்பர்கள் கோபிக்கக் கூடாது. 'லிப்ர்' என்றால் சுதந்திரம், 'கிராத்துயி' என்றால் இலவசம் என்று பிரெஞ்சில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. அவர்கள் கொண்டாடுவது முதல் சொல்லை. அந்தச் சுதந்திரத்தில் விண்டோஸுக்குப் போகிற சுதந்திரமும் சேர்த்திதானே? எதிர்த் திசையிலும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 2023-ல் விண்டோஸோடு வந்த ஆசூஸின் ஆர்ஓஜி ஆலை வாங்கி, அதை எடுத்துவிட்டு பஸைட் என்ற லினக்ஸைப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. 2025-ல் லெனோவோ தன் லீஜன் கோ எஸ் பெட்டியை ஸ்டீம் ஓஎஸ்ஸோடே விற்கத் தொடங்கியது. இப்படி மாற்ற இடமே கொடுக்காத விளையாட்டுப் பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றை வாங்குவது சீல் வைத்த பெட்டியை வாங்குவது போல. எனக்கு அது பிடிப்பதில்லை.

ஆனால் மகளின் பயத்திலும் நியாயம் உண்டு. ஆகவே இரண்டு நிபந்தனை போட்டேன். முதலாவது, உள்ளே இருப்பதை அழிக்கக் கூடாது. விண்டோஸை ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையில் வைத்து அங்கிருந்தே ஓட்டலாம், கொஞ்சம் மெதுவாக இருந்தாலும். இரண்டாவது, திரும்பி வரும் வழி முதலில் தயாராக இருக்க வேண்டும். வால்வே மீட்புக் கோப்பு ஒன்றைக் கொடுக்கிறது. அதை ஒரு யுஎஸ்பி குச்சியில் ஏற்றி என் கையில் கொடுத்த பிறகுதான் அவன் மற்றதைத் தொட்டான்.

ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்பொத்தானைத் தட்டினால், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கிறது. அட்டையைக் காட்டினான். விண்டோஸ் வந்தது, பக்கவாட்டில் சாய்ந்து! அந்தத் திரை அடிப்படையில் நெடுக்குவாட்டில் செய்ததாம். மனைவி கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, "படுத்துக்கிட்டு ஆடணுமா?" என்றாள். அதை நிமிர்த்தினால், பொத்தான்கள் மவுஸ் போல நடந்துகொண்டன. ஸ்டீமையும் திறந்து வைத்த பிறகுதான் ஒழுங்குக்கு வந்தன. வால்வ் தளத்திலிருந்து ஒலிக்கு, வைஃபைக்கு என்று டிரைவர்களை ஒவ்வொன்றாக இறக்கினான். ஒரு நாள் முழுக்கப் போயிற்று. அன்று அவன் அம்மாவை எதற்கும் கூப்பிடவில்லை. நடுவில் சாப்பிடவும் மறந்தான்.

மறுநாள் மாலை தலையில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு பாரிஸ் நண்பர்களோடு ஒரே கூச்சல். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சார், வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரித்தார்.

ஊருக்குப் போகும்போது அந்த அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான். அங்கே பெரிதாக ஒன்று வாங்கிக்கொள்வானாம். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கிறது. மேசை இழுப்பறையில் ஒரு உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி வைத்திருக்கிறேன். மனைவி வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று தூக்கிப் போட்டுவிடாமல் இருக்க வேண்டும்.