வாகனப் பக்கம்: இரண்டாம் மிதியை நம்பாதீர்கள்

சென்ற இதழில் ரயர் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை பிரேக்.

பார்க் றோயலில் இரவு வேலை முடிந்து நாங்கள் நான்கு பேர் ஒரே காரில் வீடு திரும்புவது வழக்கம். கார் பதினைந்து வருடப் பழசு. ஒரு விடியற்காலை ஹாங்கர் லேன் சந்தியில் சிவப்பு விளக்கு விழ, கார் ஓடிய அண்ணை பிரேக்கை மிதித்தார். கால் அடிமட்டம் வரை போனது. உடனே மறுபடி மிதித்தார், கார் நின்றது. முன்னால் நின்ற பஸ்சுக்கும் எங்களுக்கும் ஒரு முழ இடைவெளிதான்.

"என்ன அண்ணை இது?" என்று கேட்டோம்.

"உது கொஞ்ச நாளா அப்பிடித்தான். ரண்டாந்தரம் மிதிச்சா வடிவாப் பிடிக்கும். பழகிப்போச்சு."

இது ஊரிலிருந்து வந்த பழக்கம். யாழ்ப்பாணத்தில் ஓடிய மொறிஸ் மைனரில் நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக். உள்ளே சூ தேயத் தேய மிதி கீழே இறங்கும். கையால் இறுக்கும் வரை இரண்டு தரம் மிதித்தே சமாளிப்பார்கள். இங்கே அது சரிவராது. 30 மைல் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 13 மீற்றருக்கு மேல் ஓடும். இரண்டாம் மிதிக்கு அரை வினாடி போனாலும் ஒன்றரைக் கார் நீளம் போய்விடும். அந்த இடத்தில் ஒரு பிள்ளை வீதியைக் கடந்தால்?

ஆகவே கால் சொல்வதைக் கவனியுங்கள். முதல் மிதி ஆழமாகவும் இரண்டாம் மிதி உயரமாகவும் இருந்தால், பெரும்பாலும் பின் டிரம் பிரேக்கைத் தானாக இறுக்கும் பகுதி துருவேறிச் சிக்கியிருக்கும். வளைவு திரும்பிய பின் மட்டும் அப்படியென்றால் சில்லுப் பெயரிங் ஆடுகிறதா என்று பார்ப்பியுங்கள். மிதி பஞ்சு போலிருந்தால் குழாயில் காற்று. அழுத்தியபடி நிற்க மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்ரர் சிலிண்டரின் றபர் பழுது, அல்லது எங்கோ ஒழுக்கு. அந்தக் காரை ஓடவே வேண்டாம்.

மிதி கட்டை போல இறுகியிருந்தால், எஞ்சினை நிறுத்தி நாலைந்து தரம் மிதித்து, காலை அழுத்தியபடியே ஸ்ராட் செய்யுங்கள். மிதி சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சேர்வோவில் பிழை.

நீண்ட இறக்கத்தில் மட்டும் மிதி தளர்ந்தால் பிரேக் ஒயிலைச் சந்தேகியுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 ஒயில் 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்த ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. கடுகண்ணாவை இறக்கத்தில் லொறிக்காரர் சின்னக் கியரில் இறங்குவது பிரேக் சூடேறாமல் இருக்கத்தான். இரண்டு வருடத்திற்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள். குறைந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். ஏன் குறைந்தது என்று பாருங்கள். எஞ்சின் ஒயிலை அதற்குள் ஊற்றினால் றபர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

"எம்.ஓ.ரி. இருக்குத்தானே" என்பார்கள். அது சோதித்த நாளின் நிலையை மட்டுமே காட்டும். ஆபத்தான நிலையில் கார் ஓடினால், எம்.ஓ.ரி. இருந்தாலும் 2,500 பவுண் வரை தண்டமும் லைசென்சில் 3 புள்ளிகளும் வரலாம். பழைய கார் வாங்குமுன் அதன் இலக்கத்தை அரச இணையத்தளத்தில் கொடுத்தால், முந்திய சோதனைகளில் பிரேக் பற்றி எழுதியதை இலவசமாகப் பார்க்கலாம்.

கராஜில் "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது, எத்தனையாவது மிதியில் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தட்டுப்பட்டால் காலால் மிதித்துக் காட்டுங்கள், அதுவே போதும். அண்ணையும் அப்படித்தான் காட்டினார். பின் பிரேக் இரண்டும் சிக்கியிருந்தன. இப்போது ஒரே மிதியில் கார் நிற்கிறது. நாங்களும் பயமில்லாமல் ஏறுகிறோம்.

அடுத்த இதழில்: குளிர் காலமும் பற்றறியும்.