சாரனுக்குச் சாயம் கேட்கிறோம், காருக்கு ஏன் கேட்பதில்லை?



கொஞ்சம் நீளமான பதிவு. ஜப்பான் வாகனம் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டிலும் பழைய வெகன் ஆர் ஒன்று ஓடுகிறது. சில மாதங்களுக்கு முன் பள்ளம் மேட்டில் இறங்கும்போது முன்பக்கம் "டொக் டொக்" என்று சத்தம். கராஜில் பார்த்த தம்பி சொன்னார்: "சேர், லோவர் ஆம் புஷ் போயிட்டு. மாத்தோணும்."

புஷ் என்பது பெரிய சாமான் இல்லை. இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒட்டிய றப்பர், அவ்வளவுதான். ஆனால் சில்லைப் பிடித்திருக்கும் ஆம், வண்டியின் உடலோடு சேரும் இடம் அது. றப்பர் கிழிந்தால் ஆம் ஆடும். டயர் ஒரு பக்கமாகத் தேயும், பிரேக் பிடித்தால் வண்டி இழுக்கும். பின் சீற்றில் பிள்ளைகள் இருக்கும்போது அது சின்ன விசயமில்லை.

கடையில் "ஜப்பான் ஒரிஜினல்" என்று பெட்டியோடு தந்தார்கள். ஒரிஜினலுக்கு உரிய காசைக் கொடுத்தோம். நான்கு மாதத்தில் அதே சத்தம். கழற்றிப் பார்த்தால் றப்பர் இரும்பை விட்டுக் கழன்று கிடக்கிறது. பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். நாங்கள் பில் வாங்கவில்லை. பிழையில் எங்கள் பங்கும் உண்டு.

பிறகுதான் விசாரித்தோம். வெகன் ஆர் என்று கேட்டால் போதாது. ஜப்பானில் இருந்து வந்தது வேறு, இந்தியாவில் செய்தது வேறு. பெயர் ஒன்றென்பதற்காகச் சாமான் பொருந்தாது. ஜப்பான் வண்டியிலேயே எம்.எச். 34 எஸ், 44 எஸ், 55 எஸ் என்று மொடல்கள் மாறுகின்றன. சேஸி இலக்கத்தைக் கொடுத்து, அதற்குரிய பாகத்தின் இலக்கத்தைக் கண்டுபிடித்துத்தான் சாமான் எடுக்க வேண்டும். கடைசியில் தெரிந்த ஒருவர் பஞ்சிகாவத்தையில் இலக்கம் பார்த்து எடுத்து, இரவு பஸ்ஸில் பார்சல் அனுப்பினார்.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 350ஐத் தாண்டியது. இன்றும் வரியோடு புது வண்டி வாங்குவது நம் போன்ற சம்பளக்காரருக்கு எட்டாது. ஆகவே ஊரில் ஓடும் வண்டிகள் வயதாகின்றன. வயதான வண்டிக்கு முதலில் போவது றப்பர். தேவை கூடினால் போலியும் கூடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வருடா வருடம் வரிப் பத்திரம் எடுக்கும்போது நம் காருக்குப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தனியார் காரின் அடியில் ஆம் ஆடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

கடைக்காரச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேறு கம்பனிச் சாமான் விற்பது குற்றமில்லை, கழற்றிய பழைய சாமான் விற்பதும் குற்றமில்லை. எது எதுவென்று வாய் திறந்து சொல்லி, பில்லில் எழுதிக் கொடுங்கள். குறையை மறைத்து விற்கக் கூடாது என்பதை நாம் மத்ரஸாவில் படித்த வயதிலேயே அறிந்தவர்கள்.

கராஜ் தம்பிமாருக்கும் ஒன்று. புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம், பிரஸ்ஸில் வைத்து ஏற்றுங்கள். வண்டி ஜெக்கில் தொங்கும்போது ஆம் போல்ட்டை முழுதாக இறுக்க வேண்டாம். சில்லு நிலத்தில் நின்று பாரம் இறங்கிய பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் றப்பர் முறுகியபடியே இருந்து, நல்ல சாமானும் சீக்கிரம் கிழியும். எங்கள் முதல் புஷ் கழன்றதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று இப்போது யோசிக்கிறோம்.

வாங்கும் நமக்கு மூன்று வேலை: சேஸி இலக்கத்தை போனில் வைத்திருப்பது, பில் கேட்பது, கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்ப்பது. மாற்றிய பிறகு வீல் எலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

1876இல் ஹெனரத்கொடயில் றப்பர் மரம் நட்ட நாடு இது. இன்று உலகத்துக்கு டயர் செய்து அனுப்புகிறோம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு றப்பர் துண்டைத் தரமாகச் செய்து, ஊர் ஊராகக் கொடுக்க நம்மால் முடியாதா? தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை ஒரு வேலையாகக் காட்டலாம்.

மருதமுனைக்குப் பெயர் வந்தது தறியால். ஒரு சாரன் வாங்கினாலும் சாயம் போகுமா, நூல் என்ன நூல் என்று கேட்டுத்தான் வாங்குவோம். நெய்தவரும் உள்ளதைச் சொல்வார். அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் நம் உதிரிப்பாகக் கடைகளுக்கும் வரட்டும்.