குளத்துக்கு ஈடு குளமே

களக்காட்டு மலையில் பிறக்கும் பச்சையாறு, தாமிரபரணியில் கலக்குமுன் வழியிலுள்ள குளங்களை நிரப்புகிறது. மேல்குளம் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர். சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ நடுவில் ஒரு குளத்தை மேடாக்கினால் கீழேயுள்ள நெல்லும் வாழையும் காயும். அடைமழையில் அதே தண்ணீர் ஊருக்குள் புகும். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நெல்லை விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காட்டு நிலத்தை எடுத்தால் ஈடாக மரம் வளர்க்கப் பணம் கட்ட வேண்டும். அதற்கென 2016-இல் மத்திய நிதிச் சட்டமும் வந்தது. பாசனக் குளங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

அமெரிக்காவில் சதுப்பு நிலத்தையும் ஓடையையும் முன்கூட்டியே சீர்படுத்துவோருக்கு அரசு 'வரவு' வைக்கிறது. வேறிடத்தில் நீர்நிலையை அழிக்க அனுமதி பெறுபவர் அந்த வரவை விலைக்கு வாங்கி ஈடுகட்டுகிறார். 2008-இல் இதற்கு விரிவான விதிகள் வந்தன.

முதலில் சீரமைப்பு, பிறகே அழிப்பு என்பது நல்ல முறைதான். ஆனால் பணமிருந்தால் எந்தக் குளத்தையும் தூர்க்கலாம் என்று ஆகிவிடக் கூடாது. கோவில்பட்டியில் தூர்வாரிய குளம் களக்காட்டு வயலுக்குப் பாயாது.

ஆகவே, தவிர்க்கவே முடியாத பணிக்கு மட்டும் இதை அனுமதிக்கலாம். ஈடும் அதே குளத்தொடரிலேயே அமைய வேண்டும். அதில் ஒரு பருவமாவது தண்ணீர் நின்றதை நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் பார்த்து ஒப்பிய பின்னரே பழைய குளத்தில் மண் விழ வேண்டும்.

நிலம் அளக்க ஆள் வருமுன், தங்கள் குளத்தின் மடை, மறுகால், வரத்துக்கால், ஆயக்கட்டு விவரங்களைக் கிராம சபைத் தீர்மானத்தில் பதிந்துவைப்பது விவசாயிகளுக்கு நல்லது. கணக்கில் இல்லாத குளத்துக்கு யாரும் ஈடு தரமாட்டார்கள்.