பாலி பிடிக்கலையா? நீங்க மட்டும் இல்லை!

ரெண்டு வருஷம் சேர்த்து வெச்ச காசு, தோளில் ஒரே ஒரு பேக், மூணு மாசம் தென்கிழக்கு ஆசியா. வியட்நாம், தாய்லாந்து எல்லாம் சுத்திட்டு, 'கடைசியா பெஸ்ட்டை வெச்சுக்கலாம்' என்று பாலியில் போய் இறங்குகிறவர்கள் இப்போது அதிகம். ஸ்டோரியில் அழகழகான படங்கள் வரும். நண்பர்கள் தனியாகக் கேட்டால்தான், "என்னமோ செட் ஆகலைடா" என்ற பதில் வரும்.

ஊரே 'கொடுத்து வெச்சவன்'னு பேசும்போது, 'டிராஃபிக்ல நின்னே நாள் போச்சு'ன்னு எப்படிச் சொல்றது? ஆனால், சொல்லவேண்டிய விஷயம்தான். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலுமே பாலிக்குப் போன வெளிநாட்டினரில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்த இடம் இந்தியர்களுக்கு!

முதல் ஏமாற்றம் பெரும்பாலும் லெம்புயாங் கோயிலில். 'சொர்க்க வாசல்' என்று வைரலான படத்தில், வாசலுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு ஏரி தெரியும். நேரில் ஏரியும் இல்லை, குளமும் இல்லை. உங்கள் போன் கேமராவுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைப் பிடித்து, அங்கிருப்பவர்களே எடுத்துத் தருகிற படம் அது. இதற்கு டோக்கன் வாங்கி மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உங்கள் முறை வந்தால் நாலு போஸ், அவ்வளவுதான். அது இன்னமும் வழிபாடு நடக்கிற கோயில் என்பதே பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது.

பட்ஜெட் பயணிக்கு அடி இன்னும் பலமாக விழும். ரீல்ஸில் வருகிற நீச்சல்குள வில்லாவும் பீச் கிளப்பும் காசு இருக்கிறவர்களின் பாலி. கையைக் கடிக்காத பாலி என்றால் குட்டா, சாங்கு பக்கம் ஹாஸ்டலில் ஒரு படுக்கை, வாடகை ஸ்கூட்டர், நெரிசல். தீவில் ரயிலே கிடையாது, பஸ் வசதியும் குறைவு. ஸ்கூட்டர் ஓட்ட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். மழைக்காலத்தில், முக்கியமாக ஜனவரி, பிப்ரவரியில், குட்டா கடற்கரையில் பிளாஸ்டிக் குப்பை அலை அலையாக ஒதுங்கும். அதை எந்த ரீல்ஸும் காட்டாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2006-ல் வந்த 'ஈட் பிரே லவ்' புத்தகமும் 2010-ல் வந்த அதன் சினிமாவும் உபுட் நகரத்தை உலகத்துக்கே கனவு ஊராக்கின. அது நியூயார்க்கிலிருந்து போனவரின் பார்வை. நெல் வயல், தென்னை, கோயில், ஊதுவத்தி வாசனை எல்லாம் அவருக்கு அதிசயம். கும்பகோணத்துப் பக்கம் வளர்ந்தவருக்கு? தெகலாலாங் படிக்கட்டு வயல்கள் அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால், காசு கட்டி ஊஞ்சலாடிப் படம் எடுக்கிற வரிசையில் நிற்கும்போது, 'நம்ம ஊர்ல இல்லாததா?' என்று மனசு கேட்கத்தான் செய்யும். அதுவும் மூணாவது மாசம், நாப்பதாவது கோயில் என்றால் கண்ணே மரத்துப்போயிருக்கும். இதே பாலியை முதல் வாரத்தில் பார்த்திருந்தால் கதை வேறு.

இதில் தீவுக்காரர்களைக் குறை சொல்வது அநியாயம். கொரோனா காலத்தில், 2021 முழுக்க நூறு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள்கூட அங்கே வரவில்லை. 2024-ல் வந்தவர்கள் 63 லட்சம். பாலியின் மக்கள்தொகையே சுமார் 44 லட்சம்தான். பட்டினி பார்த்த ஊர், வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்லுமா? ஆனால் விலை அதிகம். 'சுபாக்' என்கிற அவர்களின் பாசன முறையை யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே தீவில் வயல்கள் வில்லாக்களாக மாறிக்கொண்டிருக்கின்றன. 2025 செப்டம்பர் வெள்ளத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், விளைநிலத்தில் புது ஹோட்டல்களுக்கு அனுமதி கிடையாது என்று மாகாண அரசு அறிவித்தது. 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியிடமும் 1,50,000 ருபியா, அதாவது சுமார் 800 ரூபாய் வசூலிக்கிறார்கள். கொடுக்கலாம், தப்பே இல்லை.

சரி, அங்கே போய்ப் பிடிக்கவில்லை என்றால்? '5 லட்சம் ருபியா கட்டி 30 நாள் விசா வாங்கியாச்சே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பெரிய நஷ்டம். அந்தக் காசு போனது போனதுதான். மிச்சம் இருக்கிற நாள்கள் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. கிழக்கே சிடெமன், அமெட், வடக்கே முண்டுக் பக்கம் போனால் கூட்டம் நன்றாகவே குறையும். அதுவும் வேண்டாமா? மேற்கு முனையில் இருக்கிற கிலிமானுக்கிலிருந்து படகு ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஜாவா தீவின் கெட்டபாங் துறைமுகம். பக்கத்திலேயே ரயில் நிலையம். அங்கிருந்து யோக்யகர்த்தா வரை நேரடி ரயில் இருக்கிறது, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போகலாம்.