நிலவு வேறு, நீர்மூழ்கி வேறு

"நிலவுக்கே ராக்கெட் விட்ட ஸ்ரீஹரிகோட்டா நம் திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது, கடலுக்கடியிலிருந்து ஏவுகணை விடுவது என்ன பெரிய வித்தை?" என்கிறார் நண்பர்.

ஐயா, சந்திரயான்-3-ஐச் சுமந்த ராக்கெட் ஏவுதளத்தில் நாள்கணக்கில் நின்று, கடைசி நேரத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பியது. நீர்மூழ்கிக்கு அந்தச் சொகுசு இல்லை. திட எரிபொருள் ஏவுகணையை வாயு அழுத்தம் குழாயிலிருந்து மேலே தள்ள வேண்டும். மோட்டார் அப்புறம்தான் பற்றும். நம் அரிஹந்த் நீர்மூழ்கியை ஓட்டும் 83 மெகாவாட் அணு உலைக்கோ முதலில் கல்பாக்கத்தில் மாதிரி உலை கட்டி ஓட்டிப் பார்த்தார்கள்.

அரிஹந்தில் நான்கே குழாய்கள். 750 கி.மீ. பாயும் கே-15 ஏவுகணை என்றால் 12, 3,500 கி.மீ. போகும் கே-4 என்றால் நான்குதான். நம் கரையோரம் நின்று கே-15-ஐ ஏவினால் வங்கக் கடலைக்கூடத் தாண்டாது. நிலவைத் தொட்டதைச் சொல்லி இந்தக் குறையை மறைக்க முடியுமா?

அந்த கே-4-கூட அரிகாட் என்ற நீர்மூழ்கியிலிருந்து பாய்ந்தது 2024 நவம்பரில்தான்.