மீனவருக்கு உடனடி தடை, புகைக்கு மட்டும் சலுகையா? பால்டிக் கடலில் என்ன நடக்கிறது?

வடக்கு ஐரோப்பாவில் 9 நாடுகள் சூழ்ந்த கடல், பால்டிக். அதன் கிழக்குப் பகுதியில் காட் மீன் பிடிக்க 2019-ல் ஐரோப்பிய யூனியன் தடை போட்டது. ஆனால் அந்தக் கடலைத் திணறடிக்கும் புகைக்கு அதே வேகத்தில் கடிவாளம் போட்டார்களா? அதுதான் இல்லை.

புகைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

வாகனங்கள், மின் நிலையங்கள், கப்பல் இன்ஜின்கள் நைட்ரஜன் ஆக்சைடைக் கக்குகின்றன. மாட்டுச் சாணம், உரத்தில் இருந்து அமோனியா கிளம்புகிறது. இரண்டும் காற்றில் பல நூறு கிலோமீட்டர் பயணித்து, மழையோடு கடலில் இறங்குகின்றன. பால்டிக்கில் சேரும் நைட்ரஜனில் சுமார் கால் பங்கு இப்படி வானத்தில் இருந்து வருவதுதான்.

நைட்ரஜன் பாசிக்கு உரம். பாசி பெருகும், செத்து அடியில் படியும். அது அழுகும்போது அங்குள்ள ஆக்சிஜன் காலியாகிவிடும். பால்டிக்கில் உப்பு அதிகமான கனமான நீர் அடியில் தங்கிவிடுவதால், மேலே உள்ள ஆக்சிஜனும் சுலபமாகக் கீழே போகாது. சிக்கல் என்னவென்றால், காட் மீனின் முட்டை பிழைக்க அந்த உப்பு நீர்தான் வேண்டும்!

சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் இங்கே ஓடும் புதிய கப்பல்கள் நைட்ரஜன் ஆக்சைடை சுமார் 75 சதவீதம் குறைத்தாக வேண்டும். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு கட்டத் தொடங்கிய கப்பல்களுக்கு மட்டும்தான் இந்த விதி. ஒரு கப்பல் 25, 30 வருடம் ஓடும். அப்படியென்றால் பழைய கப்பல்கள் 2040-களிலும் பழைய மாதிரியே புகை விடலாம்!

காட் மீன் குறைந்ததற்கு அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் ஒரு காரணம்தான். அதனால் தடை தப்பில்லை. ஆனால் சிறு படகுக்காரருக்கு உடனடி தடை, கப்பல் கம்பெனிக்கு கால் நூற்றாண்டு அவகாசம் என்பது எந்த ஊர் நியாயம்?

வழி இல்லாமல் இல்லை. நார்வே 2007-லேயே நைட்ரஜன் ஆக்சைடுக்கு வரி போட்டது. அடுத்த வருடம் தொடங்கிய நிதியில், கம்பெனிகள் கட்டும் பணம் பழைய கப்பல்களில் புகையைக் குறைக்கவும் போகிறது. பால்டிக் நாடுகளும் இதைச் செய்யலாம். கூடவே பண்ணை அமோனியாவுக்கும் கணக்குக் கேட்க வேண்டும். அதுவரை இந்தக் கடலுக்கான மொத்த பில்லையும் மீனவர் மட்டுமே கட்டிக்கொண்டிருப்பார்.